புதுப்பிப்பு: தாத்தாவின் ஒமேகா கைக்கடிகாரத்துக்கு என்ன மதிப்பு?

போன வாரம் தாத்தாவின் பழைய ஒமேகா சீமாஸ்டரின் படங்களைப் போட்டு மதிப்பு கேட்டிருந்தேன். பின்மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னவர்களுக்கு முதலில் நன்றி.

திறந்தாயிற்று. உள்ளே இயந்திரத்தில் உள்ள வரிசை எண் 14-இல் தொடங்கும் எட்டு இலக்கம், அதாவது 1950-களின் நடுப்பகுதி. அதுவரை சந்தோஷம்தான். அப்புறம் லென்ஸ் வைத்து முகப்பைப் பார்த்தபோது, 6 மணிக்குக் கீழே பொடி எழுத்தில் 'ஸ்விஸ் மேட் டி' என்று இருந்தது. அந்த 'டி' டிரிடியத்தைக் குறிக்கிறது. 1950-களில் இருட்டில் ஒளிர ரேடியம்தான் பூசினார்கள்; டிரிடியம் வந்தது 1960-களில். ஆக, முகப்பு பிறகு மாற்றியது. தாத்தா சர்வீஸுக்குக் கொடுத்தபோது நடந்திருக்கலாம்.

கூட்டின் விளிம்புகளும் பாலிஷில் மழுங்கிவிட்டன. சேகரிப்பவர்கள் கீறலைக்கூடப் பொறுப்பார்கள், இதைப் பொறுக்க மாட்டார்கள்.

நான் செய்த தப்பு, விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்த்துக் கணக்குப் போட்டது. ஏலங்களில் நிஜமாக விற்ற விலைகளை, அதுவும் முகப்பு மாற்றியவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால், என் கணக்கு பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

சரி, விற்கப்போவதில்லை. எண்ணெய் மாற்றிக் கட்டிக்கொள்கிறேன். பாலிஷ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.