முதல் கட்டச் சோதனை: 28 நாளில் பிரச்சினை இல்லை, மூன்றாம் சுற்றில் பாதிக்கு மேல் டோஸ் குறைப்பு. எந்த டோஸ்?

கேள்வி – நெறிமுறைவரைவு

முற்றிய திண்மக் கட்டிகளுக்கான கைனேஸ் தடுப்பு மாத்திரை (கட்டி வளரத் தூண்டும் கைனேஸ் நொதியைத் தடுப்பது), மனிதர்களிடம் முதன்முறை. 3+3 முறை (மூன்று மூன்று பேராகச் சேர்த்து, தாங்கினால் அடுத்த டோஸுக்கு ஏறுவது). தினம் ஒரு வேளை 100, 200, 300, 400 மி.கி. டி.எல்.டி (டோஸை மேலே ஏற்றவிடாத கடுமையான பக்கவிளைவு) பார்க்கும் காலம் முதல் சுற்றின் 28 நாள். 400-இல் 6 பேரில் ஒருவருக்கு மட்டும் டி.எல்.டி (தரம் 3, அதாவது கடுமையான தோல் தடிப்பு). ஆக நெறிமுறைப்படி எம்.டி.டி (தாங்கக்கூடிய உச்ச டோஸ்) 400. ஆனால் அடுத்த இரண்டு சுற்றுகளில் அந்த 6 பேரில் 4 பேருக்குத் தரம் 2 வயிற்றுப்போக்கு விடவே இல்லை. மாத்திரையை நிறுத்தி 300-க்கு இறக்க வேண்டியதாயிற்று. ரத்தத்தில் மருந்தளவும் 200-க்கு மேல் பெரிதாக ஏறவில்லை. இரண்டாம் கட்டத்துக்கு 400 என்று எழுதலாமா, 300-ஆ?

பதில் – ஆறில்ஒன்று

இப்போதைக்கு இரண்டையும் எழுத வேண்டாம். டோஸ் கூடினால் பலன் கூடும், கேடு முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும் – கீமோ மருந்துகளில் பழகிப்போன இந்த இரண்டு அனுமானங்களின் மேல்தான் 3+3 நிற்கிறது. மாதக்கணக்கில் தினமும் விழுங்கும் மாத்திரைக்கு இரண்டும் பொருந்தாது. இலக்குப் புரதம் முழுக்க அடைபட்ட பிறகு கூட்டுகிற மில்லிகிராம் பக்கவிளைவுக்குத்தான் போகும். ரத்தப் புற்று (சி.எம்.எல்) மாத்திரை இமாட்டினிப்பின் முதல் கட்டச் சோதனையில் 1000 மி.கி. வரை போயும் எம்.டி.டி எட்டவில்லை, அந்நோயின் நாள்பட்ட நிலைக்கு வழக்கமானது 400. நுரையீரல் புற்று மாத்திரை சோட்டோராசிப் 2021 மே மாதம் 960 மி.கி.க்கு ஒப்புதல் பெற்றபோதே 240-உடன் ஒப்பிட்டுக் காட்டச் சொன்னது அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. அதிலும் டோஸுக்கு ஏற்ப ரத்த அளவு ஏறவில்லை.

"6-இல் 1" என்பதையும் ரொம்ப நம்ப வேண்டாம். உண்மையில் 40% பேருக்கு டி.எல்.டி தரும் டோஸாக இருந்தாலும், 6 பேரில் ஒருவருக்கு மேல் வராமல் தப்பிவிட 23% வாய்ப்பு உண்டு.

முதலில் ஒவ்வொருவரும் உண்மையில் விழுங்கியதைக் கூட்டுங்கள். உதாரணமாக 84 நாளில் 42 நாள் 400, 14 நாள் நிறுத்தம், மீதி 28 நாள் 300 என்றால் மொத்தம் 25,200 மி.கி. திட்டமிட்டதோ 33,600. அதாவது 75%, சராசரி நாளுக்கு 300. காகிதத்தில்தான் அவர் 400 குழு.

பதில் – அரைஆயுள்

மருந்தளவு ஏறவில்லை என்று முடிவுகட்டும் முன் ரத்த மாதிரிகளைச் சந்தேகப்படுங்கள். அதிகம் கெடுவது டோஸுக்கு முந்தைய மாதிரி: நோயாளி வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுவிட்டு வருவார், படிவத்தில் திட்டமிட்ட நேரமே எழுதப்பட்டிருக்கும். முந்தைய நாள் டோஸ் எடுத்த நேரம், ஊசி குத்திய நேரம் இரண்டையும் நிமிடத்தோடு வாங்குங்கள். அரை ஆயுள் (ரத்த அளவு பாதியாகும் நேரம்) 40 மணி என்றால் நிலைச் செறிவுக்கு, அதாவது ரத்த அளவு ஏறி ஒரே மட்டத்தில் நிற்க, சுமார் 200 மணி வேண்டும்; 8-ஆம் நாள் காலையில் 168 மணிதான் ஆகியிருக்கும். 15-ஆம் நாள் சரி, ஆனால் அதற்கு முந்தைய வாரம் மாத்திரையை நிறுத்தியவரின் மாதிரியைத் தனியே வையுங்கள்.

அடுத்தது உறிஞ்சல். அமிலத்தில் மட்டும் கரையும் மருந்தென்றால், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் எடுப்பவர்கள் 400 குழுவில் கூடுதலாக இருந்தாலே கோடு தட்டையாகிவிடும். கரைதிறன் எல்லையைத் தொட்டிருந்தால் பிரச்சினை மாத்திரையின் வடிவமைப்பில். அப்போது உறிஞ்சப்படாத மருந்து குடலிலேயே தங்கி வயிற்றுப்போக்கைக் கூட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இலக்கு அடைபட்டதா என்று காட்ட, சிகிச்சைக்கு முன்னும் 15-ஆம் நாளும் எடுத்த திசு மாதிரி சிறந்தது. ஆனால் அதில் அளக்கும் பாஸ்போ புரதங்கள் (கைனேஸ் பாஸ்பேட் ஏற்றிய புரதங்கள்) சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கும். ஊசி வெளியே வந்ததிலிருந்து உறையவைக்கும் வரையான நேரம் குறிக்கப்படாத மாதிரியில் அளவு குறைந்திருந்தால், அது மருந்தின் வேலையா தாமதத்தின் வேலையா என்று யாராலும் சொல்ல முடியாது.

மறுகேள்வி – நெறிமுறைவரைவு

400-இல் இருவருக்குக் கட்டி சுருங்கியது (கட்டி அளவை மதிப்பிடும் ரெசிஸ்ட் 1.1 விதிப்படி), 300-இல் ஒருவருக்கு. நிதி கொடுப்பவர்கள் இதைக் காட்டி 400 கேட்கிறார்கள்.

பதில் – ஆறில்ஒன்று

அந்த எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றும் ஒரே சேதிதான். ரெசிஸ்டில் சுருக்கம் என்று எண்ணும் அளவுகோல், கட்டிகளின் விட்டங்களின் கூட்டுத்தொகையில் 30% குறைவு. 29% சுருங்கியவர் கணக்கிலேயே வரமாட்டார். ஆளாளுக்குக் கூட்டுத்தொகை மாறிய சதவீதத்தை டோஸ்வாரியாக வரைந்து காட்டுங்கள்.

நெறிமுறைத் திருத்தத்தில் 200, 300 இரண்டுக்கும் தலா 15–20 பேரை ஒரே புற்றுவகையிலிருந்து குலுக்கல் முறையில் சேர்க்கச் சொல்லுங்கள். 400 வேண்டாம், அதை 6 பேரில் 4 பேர் தாங்கவில்லை. இது வெற்றி தோல்வி அறிவிக்கும் ஒப்பீடு அல்ல, டோஸுக்கும் விளைவுக்கும் உள்ள கோட்டின் வடிவத்தைப் பார்க்கத்தான். எஃப்.டி.ஏ.யின் 2024 ஆகஸ்ட் வழிகாட்டுதலும் பல டோஸ்களை ஒப்பிடவே சொல்கிறது.

டி.எல்.டி வரையறையில் "பக்கவிளைவால் முதல் சுற்றின் டோஸ்களில் 25%-க்கு மேல் தவறினால்" என்ற வரியைச் சேருங்கள். பிந்தைய சுற்றுகளின் டோஸ் குறைப்பு ஒவ்வொரு பாதுகாப்புக் கூட்டத்திலும் தனிப் பட்டியலாக வரட்டும். தரம் 2 வயிற்றுப்போக்கு என்றால் வழக்கத்தைவிட நாளுக்கு 4 முதல் 6 முறை கூடுதல்; வழக்கமான எண்ணிக்கையைச் சேர்க்கை நாளிலேயே எழுதி வாங்காவிட்டால் பிறகு தரம் பிரிப்பதே ஊகமாகிவிடும். வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தும் லோபெராமைடை முன்கூட்டியே கொடுப்பதானால் இரண்டு குழுவுக்கும் ஒரே விதி. ஒரு மையம் கொடுத்து இன்னொன்று கொடுக்காமல் விட்டால், 200-க்கும் 300-க்கும் உள்ள வித்தியாசம் அதிலேயே கரைந்துபோகும்.