கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி மெக்கானிக்கல் இன்ஜினியரிங்: மகனை அனுப்பலாமா?

தாமிரபரணி (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா):

வணக்கம். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்கிறான். யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மெர்செட் வளாகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அவன் ஆசைப்பட்ட பெர்க்லி, சான் டியேகோ வளாகங்கள் கைவிரித்துவிட்டன. இப்போது, வீட்டுப் பக்கத்தில் இருக்கும் ஓலோனி என்ற கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) படித்துவிட்டு பெர்க்லிக்கு மாறிக்கொள்கிறேன் என்று ஒரே பிடியாக நிற்கிறான். மே 1-க்குள் மெர்செடுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

என் கணவருக்கு மனம் ஒப்பவில்லை. "நம்ம வட்டத்துல யார் வீட்டுப் பிள்ளை அங்கே போகுது?" என்கிறார். ஊரிலிருந்து மாமியார் வேறு, "பாலிடெக்னிக்கிலயா சேக்குறீங்க?" என்று போனில் கேட்டுவிட்டார்கள். பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபி-யில் (AP), கால்குலஸ் AB பாடத்தில் 5-க்கு 4 வாங்கியிருக்கிறான். பிசிக்ஸ் சுமார்தான். இந்த வழியில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பாலம்கட்டி:

அக்கா, நான் அப்படிப் போனவன்தான். பே ஏரியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜ், அப்புறம் சான் ஹோசே ஸ்டேட் யூனிவர்சிட்டியில் சிவில். பட்டத்தில் சான் ஹோசே ஸ்டேட் பெயர் மட்டும்தான் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

மாமியார் கேட்டதிலும் பாதி உண்மை உண்டு. ஊரில் டிப்ளமோ முடித்தவர்கள் நேரே பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்கிறார்கள் இல்லையா, இங்கே நேரே மூன்றாம் ஆண்டு. ஆனால் படிப்பது தொழிற்கல்வி இல்லை. யூசியில் முதல் இரண்டு வருடம் நடத்தும் அதே கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரிதான்.

பணத்தைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. கலிஃபோர்னியாவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டு வருடத்தில் 70 யூனிட் எடுத்தாலும் 3,220 டாலர். யூசியில் ஒரு வருட டியூஷனே 15,000 டாலரை ஒட்டி வரும், தங்குவதும் சாப்பாடும் தனி.

எல்லாரும் பணத்தைப் பார்த்துவிட்டுப் பாட வரிசையைப் பார்க்காமல் விடுகிறார்கள். இன்ஜினியரிங்கில் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்று நிற்பவை. முதல் கால்குலஸ் இல்லாமல் மெக்கானிக்ஸ் இல்லை, மெக்கானிக்ஸ் இல்லாமல் ஸ்டேட்டிக்ஸ் இல்லை. கால்குலஸ் மூன்று, அதற்கு மேல் லீனியர் ஆல்ஜீப்ரா, டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ். ப்ரீ-கால்குலஸில் தொடங்குகிறவனுக்கு இரண்டு வருடம் சாதாரணமாகப் போதாது. உங்கள் பையனுக்கு அந்த 4 பெரிய உதவி. இரண்டாவது கால்குலஸில் உட்காரலாம். முதல் செமஸ்டரிலேயே பிசிக்ஸ் மெக்கானிக்ஸையும் எடுக்கச் சொல்லுங்கள், சுமார் என்று தள்ளிப் போட்டால் பின்னால் வருவதெல்லாம் தள்ளிப் போகும்.

இன்னொன்று, ஸ்டேட்டிக்ஸ், சர்க்யூட்ஸ் மாதிரி வகுப்புகளுக்கு ஆள் குறைவு. பல காலேஜில் வருடத்துக்கு ஒரு தடவைதான் நடத்துவார்கள். நான் படித்த இடத்தில் பத்துப் பேர்கூடச் சேரவில்லை என்று ஸ்டேட்டிக்ஸை ரத்து செய்துவிட்டார்கள். வேறொரு காலேஜில் மாலை வகுப்பாக முடித்தேன், வேலை முடிந்து 880 நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து போய். அப்படி வேறு இடத்தில் எடுப்பதில் தப்பில்லை. ஆனால் பிசிக்ஸ் வரிசையை இரண்டு காலேஜுக்குப் பிரித்துவிடாதீர்கள். ஓலோனியில் செமஸ்டர் (வருடத்துக்கு இரண்டு பருவம்), டி ஆன்சா என்ற இன்னொரு கம்யூனிட்டி காலேஜில் குவார்ட்டர் (மூன்று பருவம்). பாதி இங்கே பாதி அங்கே என்றால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத்தோடும் சரியாகப் பொருந்தாது. எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் டாட் ஆர்க் தளத்தில் பார்க்கலாம். கவுன்சிலர் வாயால் சொல்வதை விட அதை நம்புங்கள்.

கவுன்சிலர்கள் கால்-கெட்சி என்ற பொதுப்பாடத் தொகுப்பை முடித்துவிடு என்பார்கள். வரலாறு, உளவியல் படிக்கிறவர்களுக்கு அது சரி. இன்ஜினியரிங்குக்குத் துறைப் பாடங்கள்தான் முதலில். இங்கிலீஷ் கட்டுரைப் பாடங்களை மட்டும் விடக்கூடாது.

குவார்ட்டர்_அப்பா:

தம்பி சொன்னதோடு ஒன்று. இரண்டு வருடப் படிப்பு என்கிறோமே தவிர, யூசிக்கு விண்ணப்பம் போவது இரண்டாம் வருட நவம்பரில். அதாவது முதல் வருட மார்க்கும் கோடை வகுப்பு மார்க்கும்தான் கையில் இருக்கும். என் மகள் டி ஆன்சாவில் முதல் குவார்ட்டரிலேயே இதைப் புரிந்துகொண்டாள். மெதுவாகப் பழகிக்கொள்ளலாம் என்பதற்கு அங்கே நேரமே இல்லை. ஒரு வசதி: பள்ளி மார்க்கையும் எஸ்ஏடி நுழைவுத் தேர்வையும் பார்க்க மாட்டார்கள்.

பெர்க்லி, யூஎல்சிஏ (லாஸ் ஏஞ்சலஸ்), சான் டியேகோ மூன்றிலும் இடம் உறுதி என்ற டேக் ஏற்பாடு கிடையாது. மற்ற ஆறு யூசியில் உண்டு, செப்டம்பரில் மனு போட வேண்டும். ஆறிலும் எல்லாத் துறைக்கும் இல்லை. சாண்டா பார்பராவில் இன்ஜினியரிங் அதில் வராது. பெர்க்லி மட்டும்தான் என்று போனால் நான் அனுப்ப மாட்டேன்.

மேகமலை:

நான் எதிர்க்கட்சி. கையில் மெர்செட் இருக்கும்போது ஏன் விட வேண்டும்? 2005-இல் திறந்த சின்ன யூசி. முதல் வருடத்திலிருந்தே மாணவர் குழுக்களில் சேரலாம், பேராசிரியரின் லேபில் கேட்டுப் பார்க்கலாம். மாறி வருகிறவர்கள் வந்து பெட்டியைப் பிரிப்பதற்குள் இன்டர்ன்ஷிப் நேர்காணல் தொடங்கிவிடுகிறது. எங்கள் அலுவலகத்துக்கு வருகிற பிள்ளைகளிடம் இதைப் பார்க்கிறேன்.

பாலம்கட்டி:

அண்ணா சொல்வது நியாயம், அந்த முதல் செப்டம்பர் எனக்கும் மூச்சு முட்டியது. ஆனால் அக்கா, மெர்செட் போய் அங்கிருந்து பெர்க்லிக்கு மாறலாம் என்று மட்டும் பையன் கணக்குப் போட வேண்டாம். மாறி வருகிறவர்களில் யூசி முன்னுரிமை கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்குத்தான்.

தாமிரபரணி:

எல்லாருக்கும் நன்றி. சொல்ல விட்டுப்போனது: நாங்கள் எச்-1பி வேலை விசா, அவன் எங்களைச் சார்ந்த எச்-4 விசா. கிரீன் கார்டு வரிசையில் இருக்கிறோம். இதில் எதுவும் மாறுமா?

குவார்ட்டர்_அப்பா:

அம்மா, இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! 21 வயதோடு எச்-4 முடிந்துவிடும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் வெளிமாநிலக் கட்டணம் கேட்கலாம், யூசியில் அது பல மடங்கு. எந்த வழியில் போனாலும் கடைசி வருடம் அதில் மாட்டலாம். ஓலோனியில் ஒரு செமஸ்டர் கூடுதலானால் அந்தக் கட்டணத்தில் இன்னொரு செமஸ்டர். அவன் பிறந்த தேதியையும் உங்கள் ப்ரையாரிட்டி தேதியையும் (கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி) எடுத்துக்கொண்டு மே 1-க்கு முன்னால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.