பிசினஸ் குரோத் பத்தி பிஜி படிக்க யூகே போகலாமா, இல்ல தறிய விட்டுட்டுப் போறது தப்பா?

கரூர்_தறி

வணக்கங்க. எனக்கு 26 வயசு, பிடெக் டெக்ஸ்டைல் முடிச்சுட்டு மூணு வருசமா அப்பா கூட எங்க கம்பெனியிலதான் இருக்கேன். கரூர்ல ஹோம் டெக்ஸ்டைல்ங்க, ஏப்ரன், கிச்சன் டவல், டேபிள் கிளாத் இதெல்லாம். கொஞ்சம் சொந்தத் தறி, மீதி வெளிய ஜாப் ஒர்க். டர்ன்ஓவர் 9 கோடி. அஞ்சு வருசமா 8, 9னு அங்கயேதான் நிக்குது. பெரிய ஆர்டர் வந்தா அப்பா வேண்டாம்னுடறாரு, ஏன்னு கேட்டா "கையக் கடிச்சுரும்டா"ங்கறாரு, அதுக்கு மேல பேச்சே இல்ல. எங்க சரக்குல பாதிக்கு மேல அமெரிக்காவுல ஒரே பையருக்குப் போகுது, 2025 ஆகஸ்ட்ல அங்க 50 சதவீதம் வரி வந்தப்போ ரெண்டு மாசம் வீட்ல யாருக்கும் சரியா தூக்கம் இல்ல. எங்களுக்கு நெய்யத் தெரியுது, தொழில வளக்கத் தெரியலன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

இப்ப யூகேல ஒரு வருச எம்எஸ்சிக்கு ஆஃபர் லெட்டர் வந்திருக்கு, தொழில்முனைவும் பிசினஸ் குரோத்தும்தான் கோர்ஸே. ஃபீஸ் 24 ஆயிரம் பவுண்டு, தங்கறது சாப்பிடறது எல்லாம் சேத்தா 40 லட்சத்த தாண்டிரும். அப்பா படின்னுதான் சொல்றாரு. ஆனா அந்தக் காசுக்கு பழைய தறிய மாத்திரலாமேன்னு மனசு அடிச்சுக்குது. படிச்சவங்க யாராவது உள்ளதச் சொல்லுங்க ப்ளீஸ், அங்க போயி அப்படி என்னதான் கத்துக்குடுப்பாங்க?

குளிர்ஜன்னல்

நான் இதே மாதிரி ஒரு கோர்ஸ் யூகேல முடிச்சவ தம்பி. முதல்ல விசா விசயத்த சொல்லிடறேன், ஏஜென்ட் யாரும் இத அழுத்திச் சொல்ல மாட்டாங்க. ஸ்டூடன்ட் விசாவுல இருக்கும்போது அங்க சொந்தத் தொழில் பண்ணக்கூடாது, ஃப்ரீலான்சும் கூடாது, டெர்ம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் சம்பள வேலை அவ்ளோதான். தொழில்முனைவு படிக்கிற வருசத்துல தொழில் பண்ண முடியாது, எனக்கு இது போன பிறகுதான் முழுசா புரிஞ்சுது. படிப்பு முடிஞ்சு, படிச்சு முடிச்சவங்களுக்குன்னு இருக்கற கிராஜுவேட் ரூட் விசாவுக்கு மாறினா பண்ணலாம், அதுவும் 2027 ஜனவரி 1ல இருந்து அப்ளை பண்றவங்களுக்கு ரெண்டு வருசம் இல்ல, 18 மாசம்தான். அதுக்கு மேல அங்க கம்பெனி வைக்கணும்னா இன்னோவேட்டர் ஃபவுண்டர் விசா, உங்க ஐடியா புதுசு, வளரும்னு அங்கீகாரம் குடுக்கற அமைப்பு ஒண்ணு எழுதித் தரணும். ஊருக்குத் திரும்பி தறிக்கே வரப்போறீங்கன்னா இதெல்லாம் உங்களுக்குத் தேவையே இல்ல.

படிப்பு நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்ல மாட்டேன். எனக்கு மனசுல நின்ன கிளாஸ் ஒண்ணு சொல்றேன். சர்ச்சில், லூயிஸ்னு ரெண்டு பேரு 1983ல எழுதினது, சின்னத் தொழில் அஞ்சு கட்டமா வளருதுன்னு. முதல்ல தொழில்னு ஒண்ணு இருக்குன்னு நிலைநாட்டறது, அப்புறம் தாக்குப் பிடிக்கறது, மூணாவது வெற்றி, நாலாவது வேகமா மேல கிளம்பறது, கடைசில முதிர்ச்சி. இதுல மூணாவதுதான் முக்கியம். தொழில் நல்லா ஓடுது, லாபம் வருது, இப்ப முதலாளி ஒரு முடிவு எடுக்கணும், இப்படியே நிம்மதியா வச்சுக்கறதா, இல்ல இருக்கற பணத்தையும் ஆளையும் பணயம் வச்சு அடுத்ததுக்குப் போறதா. ரெண்டுமே சரியான முடிவுதான்னு அதுல இருக்கு. உங்க அப்பா அஞ்சு வருசமா முதல் முடிவுல இருக்காரு தம்பி, அத தேக்கம்னு நினைக்காதீங்க. அவரோட உக்காந்து அவருக்கு எது வேணும்னு கேட்டீங்களா? எங்க அப்பாகிட்ட நான் கேக்காமலே திட்டம் போட்டு வந்து நின்னேன், ஒரு வருசம் சரியா பேசிக்கல நாங்க.

வரவுசெலவு

நான் ஆடிட்டர், ஈரோடு பக்கம். படிப்பப் பத்தி மத்தவங்க சொல்லட்டும், "கையக் கடிச்சுரும்"னு உங்க அப்பா சொல்றத நான் கணக்கா போட்டுக் காட்டறேன், ஏன்னா அவரு சொல்றதுல நூத்துக்கு நூறு நியாயம் இருக்கு.

நூல் வாங்கி, சாயம் போட்டு, நெய்து, தச்சு, பேக் பண்ணி கப்பல்ல ஏத்த 60 நாள்னு வைங்க. பையர் பணம் குடுக்க 75 நாள். மொத்தம் 135. நூல்காரரு உங்களுக்கு 30 நாள் டைம் குடுத்தா மீதி 105 நாளைக்கு உங்க காசுதான் உள்ள கிடக்குது. 9 கோடிய 365ஆல வகுத்து 105ஆல பெருக்குங்க, தோராயமா 2.6 கோடி. பேங்க்ல டர்ன்ஓவர் கணக்குல பாத்தா வருச விற்பனையில 20 சதவீதம் கடன் லிமிட், அதாவது 1.8 கோடி. மீதி 80 லட்சம் உங்க வீட்டுப் பணம். இப்ப டர்ன்ஓவர டபுள் பண்றீங்க, 18 கோடி, உள்ள கிடக்கறது 5.2 கோடி, பேங்க் தர்றது 3.6 கோடி, உங்க பங்கு 1.6 கோடி. லாபம் வந்து கையில சேர்றதுக்கு முன்னாடியே இன்னொரு 80 லட்சம் வேணும், நடுவுல ஒரு பையர் 30 நாள் லேட் பண்ணினா சம்பளத்துக்கு வட்டிக்கு வாங்கணும். ஆர்டர் இல்லாம விழுந்த கம்பெனிய விட ஆர்டர் அதிகமாகி விழுந்தத நான் நிறைய பாத்திருக்கேன்.

அதனால ஆர்டரத் தேடறதுக்கு முன்னாடி அந்த 105 நாள 80 ஆக்கற வழியத் தேடுங்க. உள்ளூர் பார்ட்டிக்கும் சரக்கு போடறீங்கன்னா குறு, சிறு, நடுத்தரத் தொழிலுக்கான உத்யம் பதிவு சர்டிபிகேட்ட இன்வாய்ஸ்லயே காட்டுங்க. நீங்க குறு, சிறு உற்பத்தி நிறுவனமா இருந்தா, எழுத்துல ஒப்பந்தம் இருந்தா 45 நாள், இல்லன்னா 15 நாளைக்குள்ள அவங்க பணம் தரணும், கெடு தாண்டியும் தராம நிதியாண்டும் முடிஞ்சுட்டா அந்த வருசம் அந்தச் செலவ அவங்க வருமான வரியில கழிக்க முடியாது. 1961 வருமான வரிச் சட்டத்துல இது 43பி எச் பிரிவு, அப்படிச் சொன்னா அவங்க ஆடிட்டருக்கே தெரியும். 10 கோடிய தாண்டினா குறு தொழில் சலுகை போயிரும்னு சில பேரு பயப்படறாங்க, உத்யம் கணக்குல ஏற்றுமதி டர்ன்ஓவர கழிச்சுட்டுத்தான் பாப்பாங்க, அந்தப் பயமும் வேண்டாம்.

பஸ்பாடி_பையன்

நண்பா நானும் கரூர்தான், எங்களது பஸ் பாடி கட்டற பட்டறை. நான் மும்பை எஸ்.பி. ஜெயின்ல குடும்பத் தொழில்காரங்களுக்குன்னே இருக்கற கோர்ஸ் படிச்சேன், மாசத்துல ஒரு வாரம்தான் கிளாஸ், மீதி நாளெல்லாம் நம்ம பட்டறையில. கிளாஸ்ல படிச்சத அடுத்த திங்கக்கிழமையே செஞ்சு பாக்கலாம், அடுத்த மாசம் போயி இது ஓடல சார்னு சண்டை போடலாம். கூடப் படிச்சவங்க எல்லாருமே அப்பாகிட்டயோ சித்தப்பாகிட்டயோ மல்லுக்கட்டறவங்க, அவங்க பேசறதக் கேட்டதுலயே பாதி தெளிவு வந்துருச்சு.

ஆனா எனக்கு உண்மையான பாடம் நான் இல்லாத அந்த ஒரு வாரத்துலதான் கிடைச்சுது. முதல் மாசம் மும்பையில இருந்தப்ப போன் ஓயல, ஒரு கொட்டேஷன் போடணும்னாகூட எனக்கோ அப்பாவுக்கோதான் அடிக்கறாங்க, ஃபோர்மேன் 18 வருசமா இருக்காரு, அவருக்கு ஒரு பாடிக்கு எத்தன கிலோ ஷீட் போகும்னு அத்துப்படி, ஆனா விலை மட்டும் நாங்க சொல்லிக் குடுத்ததே இல்ல. திரும்பி வந்து மூணு வாரம் அவரோட உக்காந்து காஸ்டிங் ஷீட் எழுதினோம், ஷீட், டியூப், கண்ணாடி, பெயின்ட், ஆள் கூலி எல்லாம் வரி வரியா. இப்ப சின்ன ஆர்டருக்கு அவரே விலை சொல்றாரு. எடித் பென்ரோஸ்னு ஒரு அம்மா 1959லயே இதத்தான் சொல்லியிருக்காங்க, கம்பெனி எவ்ளோ வேகமா வளரலாம்ங்கறத அதுல ஏற்கனவே இருக்கற நிர்வாகிகளோட நேரமும் அனுபவமும்தான் முடிவு பண்ணுது, வெளியில இருந்து ஆள உடனே வாங்கிப் போட முடியாதுன்னு. எனக்கு கிளாஸ்ல அதக் கேட்டப்ப ஃபோர்மேன் முகம்தான் வந்துச்சு.

நீங்க ஒரு வருசம் யூகே போயிட்டா பையரோட பேசி ஆர்டரக் கவனிக்கற உங்க மெர்ச்சண்டைசிங் வேலைய யாரு பாப்பாங்க? அதுக்குப் பதில் இருந்தா தாராளமா போங்க.

மசாலா_அக்கா

தம்பி, முழுநேரமா தொழில்முனைவே படிக்கணும்னா அகமதாபாத் இடிஐஐயும் பாரு, 1983ல இருந்து இதுக்குன்னே நடக்கற இடம், ரெண்டு வருச டிப்ளமா. ஒரு விசயம், தமிழ்நாடு அரசோட நீட்ஸ் ஸ்கீம்ல 25 சதவீதம் மானியம்னு யாராவது சொன்னா அவசரப்பட்டு அலையாத, அது முதல் தலைமுறை தொழில்முனைவோருக்கு, அப்பா கம்பெனிய பெருசாக்கறதுக்கு இல்ல.

கரூர்_தறி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. நேத்து ராத்திரி ஆடிட்டர் அண்ணன் சொன்ன கணக்க அப்பாவோட உக்காந்து எங்க பில்ல வச்சே போட்டோம். எங்களுக்கு 105 இல்லீங்க, 128 நாள் வருது. சாயப்பட்டறையில மட்டும் 19 நாள் சரக்கு சும்மா காத்துக் கிடக்குது, அது எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. அப்பா ரொம்ப நேரம் அந்தப் பேப்பரையே பாத்துட்டு இருந்தாரு, அப்புறம் அவரா "அந்தப் பெரிய ஆர்டர் பார்ட்டி நம்பர் இருக்கா"ன்னு கேட்டாரு.

குளிர்ஜன்னல் அக்கா, அப்பாவுக்கு எது வேணும்னும் கேட்டேன். அவருக்கு ஒரே பையர நம்பி இருக்கறதுதான் பயமாம், 15 கோடி 20 கோடியெல்லாம் அவரு மனசுலயே இல்ல. ஆஃபர அடுத்த வருசத்துக்குத் தள்ளி வைக்க முடியுமான்னு மெயில் போட்டிருக்கேன். பஸ்பாடி அண்ணா, உங்களுக்கு சிரமம் இல்லன்னா ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வரட்டுங்களா, அந்தக் காஸ்டிங் ஷீட்ட ஒரு தடவ நேர்ல பாக்கணும்.