நாட்பட்ட ஹெபடைட்டிஸில் டிஃப்யூஷன் எம்ஆர்ஐ: ஏடிசி எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்?

எம்ஆர்ஐ டெக்னாலஜிஸ்ட்

டிஃப்யூஷன் எம்ஆர்ஐ, திசுவுக்குள் நீர் எவ்வளவு சுலபமாக நகர்கிறது என்று காட்டும்; அதிலிருந்து கணக்கிடும் எண்தான் ஏடிசி. ஹெபடைட்டிஸ் பி, சி கேஸ்களுக்கு டிஃப்யூஷன் போடும்போது முதலில் பார்க்க வேண்டியது டிஇ (சிக்னலைப் பிடிக்கும்வரை காத்திருக்கும் நேரம்). கல்லீரலின் டி2 (சிக்னல் மங்கும் வேகத்தைச் சொல்லும் நேரம்) ரொம்பக் குறைவு, 1.5 டெஸ்லாவில் 40-50 மில்லிசெகண்ட் அளவுதான். டிஇ 80-ஐத் தாண்டிவிட்டால் பி 800 படத்தில் (பி மதிப்பு ஏற ஏற நீரின் நகர்வால் சிக்னல் அதிகம் விழும்) அளக்கச் சிக்னலே மிஞ்சாது. 60-க்குப் பக்கத்தில் கொண்டுவரப் பேரலல் இமேஜிங் 2, மேட்ரிக்ஸ் 128, ஸ்லைஸ் 6-7 மி.மீ. போதும். படம் கூர்மையாக வரட்டும் என்று மேட்ரிக்ஸை ஏற்றினால் எக்கோ டிரெயின் நீளும், டிஇ கூடவே ஏறும், உதரவிதானத்தை ஒட்டிய பகுதி காற்றுக்குப் பக்கத்தில் வளைந்து நிற்கும்.

பி மதிப்புகள் 0, 50, 400, 800. ஆவரேஜை (ஒரே படத்தை எத்தனை முறை எடுத்துச் சராசரி காண்பது என்பதை) எல்லாவற்றுக்கும் ஒன்றாக வைக்க வேண்டாம். பி 50-க்கு 2, 400-க்கு 4, 800-க்கு 6 என்று ஏற்றிக்கொண்டே போகலாம். மூச்சுக்கு டிரிகர் வைத்து எடுப்பதே நல்லது. மூச்சைப் பிடித்து எடுக்கும் 20 செகண்ட் ஸ்கேன், கட்டி இருக்கிறதா என்று தேட உதவும்; எண் எடுக்க அதில் சிக்னல் போதாது.

கொழுப்புச் சிக்னலை அடக்குவது சரியாக நடந்ததா என்று பி 800 படத்தில் பாருங்கள். அடங்காத தோலடிக் கொழுப்பு, ஃபேஸ் திசையில் பல பிக்சல் நகர்ந்து, கல்லீரலுக்குள் வெள்ளைப் பிறை மாதிரி வந்து உட்காரும். கொழுப்பு அவ்வளவாக டிஃப்யூஸ் ஆகாது, அதனால் ஏடிசி மேப்பில் அதே இடம் கறுப்பாகத் தெரியும். பார்ப்பவர் அதைக் கட்டி என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. காந்தப்புலத்தைச் சீராக்கும் ஷிம் பெட்டியைக் கல்லீரல் மேல் மட்டும் வைத்துத் திரும்ப எடுத்தால் பெரும்பாலும் போய்விடும்.

4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு கட்டாயம். சாப்பிட்டதும் போர்ட்டல் ரத்த ஓட்டம் கூடும், பி 0-க்கும் 50-க்கும் நடுவில் சிக்னல் விழும் அளவு மாறிவிடும்.

ரேடியாலஜிஸ்ட்

கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடர்கிறேன், ஏனென்றால் ரிப்போர்ட்டில் குழப்பம் கிளம்புவது அங்கேதான். ஒரு கல்லீரலில் பி 0-இல் சிக்னல் 260, பி 50-இல் 200, பி 800-இல் 82 என்று வைத்துக்கொள்வோம். 0-வையும் 800-ஐயும் வைத்துக் கணக்கிட்டால் ஏடிசி 1.44. 50-ஐயும் 800-ஐயும் வைத்தால் 1.19. (எல்லா எண்களும் 10⁻³ மி.மீ.²/செகண்ட் அலகில்.) ஆள் ஒருவர், ஸ்கேன் ஒன்று, எண் மட்டும் இரண்டு. முதல் எண்ணில் நுண்குழாய்களில் ஓடும் ரத்தமும் சேர்ந்திருக்கிறது. இரண்டாவதில் அதில் பெரும்பகுதி கழிந்துவிட்டது. எந்த பி மதிப்புகளில் எடுத்தது என்று எழுதாத ஏடிசி எண்ணை வேறு ஸ்கேனோடு ஒப்பிடவே முடியாது.

ஃபைப்ரோசிஸ் (கல்லீரலில் வடுத்திசு சேர்வது) ஏறும்போது ஏடிசி குறைவது உண்மை. கொலாஜன் நீரை அடைத்து வைப்பதால் மட்டும் அது நடப்பதில்லை. நுண்ரத்த ஓட்டம் குறைவதற்கும் அதில் பெரிய பங்கு இருக்கிறது.

அளக்கும் இடம் வலது மடல், 5 முதல் 8 வரையுள்ள செக்மென்ட்கள். குழாய்களையும் ஓரத்தையும் விட்டு மூன்று, நான்கு வட்டங்கள், ஒவ்வொன்றும் 1-2 செ.மீ., வேறு வேறு ஸ்லைஸ்களில். வட்டத்தை பி 50 படத்தில் போட்டு மேப்புக்கு நகலெடுங்கள். குழாய்கள் அதில் கறுப்பாகத் தெரிவதால் ஒதுக்குவது சுலபம். இடது மடலை அளக்கவே வேண்டாம். இதயம் துடிக்கும்போது அந்தப் பகுதி அசைந்து, பி 800-இல் சிக்னல் கூடுதலாக விழும். மேலே சொன்ன 82, 60 ஆகிவிட்டால் 50-800 கணக்கில் ஏடிசி 1.61 என்று காட்டும். சிரோசிஸ் உள்ள கல்லீரலும் அங்கே நார்மல் மாதிரி தெரியும்.

மெடிக்கல் ஃபிசிசிஸ்ட்

மேடம் சொன்ன அதே எண்களை இரும்புச்சத்து சேர்ந்த கல்லீரலில் போட்டுப் பாருங்கள். டி2 இன்னும் குறைவதால் பி 50-இல் 60 தான் வருகிறது. உண்மையான ஏடிசி அதே 1.19 என்றால் பி 800-இல் 24.6 வர வேண்டும். ஆனால் அவ்வளவு தாழ்ந்த சிக்னலில் இரைச்சல் கலந்து 30 என்று பதிவாகும். கணக்கில் வருவது 0.92. கல்லீரலில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் எண் ‘ஃபைப்ரோசிஸ்’ என்கிறது. மேக்னிட்யூட் படத்தில் இரைச்சல் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது, அதனால் ஆவரேஜ் கூட்டினாலும் இந்தப் பிழை முழுதாகப் போகாது. பி 800-ஐ 500-க்கு இறக்கினால் ஓரளவு தப்பலாம்.

கொழுப்புக் கல்லீரலும் ஏடிசியைக் குறைக்கும். ஹெபடைட்டிஸ் சி-யில் இரும்பும் கொழுப்பும் சேர்ந்தே இருப்பது அபூர்வமில்லை. அதனால் மல்டி எக்கோ டிக்ஸன் (கொழுப்பையும் நீரையும் பிரித்துக் காட்டும் ஸ்கேன்) எடுத்து, கொழுப்புச் சதவீதத்தையும் இரும்பைக் காட்டும் ஆர்2 ஸ்டாரையும் பார்த்த பிறகுதான் ஏடிசிக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். ஒரே ஒரு மூச்சுப்பிடிப்பில் முடிகிற ஸ்கேன் அது.

மெஷினைச் சோதிக்க ஐஸும் தண்ணீரும் போதும். 0 டிகிரியில் நீரின் ஏடிசி 1.1. ஐஸ் கலந்த நீருக்குள் தண்ணீர்க் குழாயை மூழ்கவைத்து, வெப்பநிலை முழுதாக இறங்கும்வரை பொறுத்து, அதன்பின் அளக்க வேண்டும். காந்தத்தின் நடுவில் சரியாக வந்து, தள்ளி வைத்தால் விலகினால், அது கிரேடியன்ட் ஓரங்களில் நேர்கோடாக இல்லாததன் விளைவு. வலது மடல் நடுவிலிருந்து ஒதுங்கியே இருக்கும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

ஹெபடாலஜிஸ்ட்

சார், எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஃபைப்ரோசிஸின் எஃப்0 முதல் எஃப்4 வரையுள்ள நிலைகளில் எஃப்1-ஆ, எஃப்2-ஆ என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா?

ரேடியாலஜிஸ்ட்

முடியாது டாக்டர். எஃப்0 குழுவையும் எஃப்4 குழுவையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்து நிலைகளின் எண்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. அழற்சி தீவிரமாக இருக்கும் கட்டத்திலும் ஏடிசி இறங்கும். நிலையைச் சொல்ல எம்ஆர் எலாஸ்டோகிராஃபி தெளிவாகவே மேல். 60 ஹெர்ட்ஸ் அதிர்வை அனுப்பி விறைப்பை நேரடியாக அளக்கிறது. அந்தக் கருவி இல்லாத இடங்களில் டிஃப்யூஷன் துணைத் தகவல்தான். மண்ணீரலின் ஏடிசியால் வகுத்துக்கொண்டால் மெஷினுக்கு மெஷின் வரும் வேறுபாடு குறையும். போர்ட்டல் பிரஷர் ஏறி மண்ணீரலே மாறியிருந்தால் அதையும் யோசிக்க வேண்டும்.

டிஃப்யூஷனின் உண்மையான பலன் முடிச்சுகளைத் தேடுவதில் இருக்கிறது. பி 50-இல் குழாய்கள் கறுத்துவிடுவதால், அவற்றை ஒட்டி ஒளிந்திருக்கும் சிறிய முடிச்சு பளிச்சென்று தெரியும். பி 800-இலும் பளிச்சென்று இருந்து, மேப்பில் கறுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டு படத்திலும் வெளுப்பு என்றால் பெரும்பாலும் நீர்க்கட்டியோ ஹெமாஞ்சியோமாவோதான். லைராட்ஸில் (கல்லீரல் புற்றுச் சந்தேகத்தைத் தரம் பிரிக்கும் முறையில்) இது துணை அடையாளம் மட்டுமே. எல்ஆர்-4 (அநேகமாகப் புற்று) வரை உயர்த்தலாம், இதை வைத்து எல்ஆர்-5 (நிச்சயம் புற்று) கொடுக்கக் கூடாது. நார்மல் செல்களை ஒத்திருக்கும் (நன்கு வேறுபட்ட) புற்று டிஃப்யூஷனில் சுற்றுப்புறத்தோடு கலந்து மறைந்துவிடும் என்பதால், படம் சுத்தமாக இருந்தாலும் கான்ட்ராஸ்ட் ஃபேஸ்களை விடக் கூடாது.

ஹெபடாலஜிஸ்ட்

சரி, மருந்து ஆரம்பித்த பிறகு அதே நோயாளியைத் தொடர்ந்து பார்க்க?

மெடிக்கல் ஃபிசிசிஸ்ட்

அதே மெஷின், அதே பி மதிப்புகள், அதே வெறும் வயிறு, அளப்பவரும் அதே ஆள். இவ்வளவும் இருந்தாலும் ஒரு நோயாளியின் ஏடிசி 26 சதவீதத்துக்கு மேல் மாறினால்தான் உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது க்யூபா (இமேஜிங் அளவீடுகளுக்குத் தரம் வகுத்த ஆர்எஸ்என்ஏ கூட்டமைப்பு) கொடுத்திருக்கும் அளவு. 1.19 என்பது 1.30 ஆனால் அதை முன்னேற்றம் என்று ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள்.