ஃப்ரீசரில் ஐஸ் உறைகிறது, கீழ்த்தட்டில் மாவு புளிக்கிறது: கேஸ் ஏற்றத்தான் வேண்டுமா?

கல்லிடைக்குறிச்சி மருமகள் கேட்கிறார்:

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு கதவு ஃபிரிட்ஜ். தானாக ஐஸை உருக்கிக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை. சித்திரை பிறந்ததிலிருந்து படுத்துகிறது. மேலே ஃப்ரீசரில் தண்ணீர் கெட்டியாக உறைகிறது; கீழே குளிர்ச்சி என்பதே இல்லை. இரவு எடுத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி மூடியைத் தள்ளிவிடுகிறது. பால் திரிகிறது. பிச்சிப்பூ ஒரே இரவில் கருத்துவிடுகிறது. குமிழை உச்சத்தில் வைத்தும் பயனில்லை.

சத்தமும் மாறியிருக்கிறது. முன்பு ஃப்ரீசருக்குள் காற்றாடி சுற்றும் மெல்லிய இரைச்சல் கேட்கும். இடையில் சில நாள் எதிலோ உரசுவது போலக் கரகரவென்றது. இப்போது அதுவும் நின்றுவிட்டது.

வந்து பார்த்த மெக்கானிக் வண்டியை விட்டு இறங்கிய வேகத்தில் “கேஸ் போய்விட்டது, ஏற்ற வேண்டும்” என்றார். மூவாயிரத்துக்கு மேல் ஆகும் என்கிறார். ஃப்ரீசர் கதவை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. அத்தைக்குத் தினமும் இன்சுலின் போட வேண்டும். மருந்துக் குப்பிகள் அந்தக் கீழ்த்தட்டில்தான் இருக்கின்றன. பணம் கொடுப்பதற்கு முன் நாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

பேட்டை மெக்கானிக்:

தங்கச்சி, பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கேஸ் போனதற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை.

முதலில் உங்கள் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். இந்த வகையில் குளிர்ச்சி உண்டாகும் இடம் ஒன்றே ஒன்றுதான். ஃப்ரீசரின் பின்தகட்டுக்குப் பின்னால், குளிரூட்டும் கேஸ் ஓடும் ஒரு சுருள்குழாய் இருக்கிறது; அதைக் ‘காயில்’ என்போம். அதன் குளிரை ஒரு சிறு காற்றாடி மேலேயும் கீழேயும் தள்ளுகிறது. கீழ்த்தட்டுக்கென்று தனியாக எதுவும் கிடையாது. மேலிருந்து ஒரு குழாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் அது இருக்கிறது. நாம் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே நுழையும் ஈரம் அந்தக் காயிலில் பனியாகப் படியும். அதை உருக்குவதற்காகச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் நின்று, காயிலுக்கு அடியில் உள்ள ஹீட்டர் எரியும். உருகிய நீர் ஒரு துளை வழியாக இறங்கி, பின்னால் கம்ப்ரசருக்கு மேல் உள்ள தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும்.

இந்த உருக்கும் வேலை (டீஃப்ராஸ்ட்) நின்றுபோனால் பனி ஐஸாகி, காயில் முழுவதும் மூடிக்கொண்டு, காற்றுப் பாதையையும் அடைத்துவிடும். முதலில் அடிபடுவது கீழ்த்தட்டு. ஃப்ரீசர் காயிலை ஒட்டியே இருப்பதால் சில நாள் தாக்குப்பிடிக்கும். ஐஸ் வளர்ந்து காற்றாடியின் இறக்கையைத் தொட்டபோதுதான் அந்தக் கரகர சத்தம் வந்திருக்கும். இப்போது இறக்கையே ஐஸில் சிக்கி நின்றிருக்கலாம்.

கேஸ் கசிந்த பெட்டி இப்படி இருக்காது. மேலே, கீழே இரண்டிலும் குளிர் குறையும். கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். வெளியே பக்கவாட்டுத் தகடுகளில் கையை வைத்தால் சூடே தெரியாது. நீங்களும் கம்ப்ரசர் ஓடும்போது தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் கேஸ் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். கேஸ் என்பது ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. பற்றவைத்து மூடிய குழாய்க்குள் சுற்றுவது. கசிவு இருந்தால் ஒழிய ஒரு சொட்டும் குறையாது. கசிவு இருந்தால் அந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் மேற்கொண்டு கேஸ் ஏற்றுவது உங்கள் பணத்தைக் காற்றில் விடுவதுதான். இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். எளிதில் தீப்பற்றக்கூடியது. எத்தனை கிராம் ஏற்ற வேண்டும் என்று பெட்டியின் ஸ்டிக்கரிலேயே இருக்கும். தராசில் எடைபோட்டுத்தான் ஏற்ற வேண்டும். வீட்டுப் பெட்டிக்குச் சில பத்து கிராம் போதும். தராசு இல்லாமல் வருபவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவுகளையும் திறந்து 24 மணி நேரம் விடுங்கள். குமிழைத் திருப்பி அணைப்பது போதாது. பிளக்கையே பிடுங்க வேண்டும். அடியில் பழைய துணிகளைப் போடுங்கள், தண்ணீர் நிறைய வரும். மேசை மின்விசிறியைக் கதவுக்கு நேராக வைத்தால் சீக்கிரம் உருகும். கத்தியோ கரண்டியோ கொண்டு ஐஸைக் குத்தவே கூடாது. காயில் அலுமினியக் குழாய். ஒரு கீறல் விழுந்தால் இல்லாத கேஸ் பிரச்சினை உண்மையாகவே வந்துவிடும். கொதிநீரும் ஊற்ற வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும்.

பிறகு போட்டுப் பாருங்கள். கீழே நன்றாகக் குளிர்ந்தால் கேஸும் கம்ப்ரசரும் சரி. சில நாளிலோ இரண்டு வாரத்திலோ மறுபடி இதே தொல்லை வந்தால், உருக்கும் பகுதியில் பழுது என்பது உறுதி.

மேலப்பாளையம் செவிலியர் (ஓய்வு):

இன்சுலினைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதைத் தள்ளிப்போட முடியாது. திறக்காத குப்பிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். அவற்றை இன்றே பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் கொடுத்து வையுங்கள். ஃப்ரீசர் வேலை செய்கிறதே என்று அதற்குள் வைத்துவிடாதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்வைக்கு நன்றாகவே இருந்தாலும் பயன்படாது. அதைக் கொட்டிவிட வேண்டும்.

இப்போது போட்டுக்கொண்டிருக்கும் குப்பி வெளியே இருக்கலாம். பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் தாங்கும். உங்கள் மருந்தின் தாளில் உள்ள அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சித்திரையில் நம் ஊர்ப் பக்கம் வீட்டுக்குள் 30 டிகிரி எங்கே இருக்கிறது? குப்பியை நீர் புகாத டப்பாவில் போட்டு ஒரு சின்ன மண்சட்டிக்குள் வையுங்கள். அதைப் பெரிய சட்டியில் ஈர மணல் நிரப்பி நடுவே புதைத்து, மேலே ஈரத்துணி போட்டு, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளித்துவர வேண்டும். கீழ்த்தட்டில் பல நாள் சூட்டில் கிடந்த குப்பிகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சர்க்கரை அளவு காரணமில்லாமல் ஏறினால் மருந்து கெட்டிருக்கலாம் என்று முதலில் நினையுங்கள்.

உவரிக்காரன்:

அண்ணாச்சி, இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் ஒற்றைக் கதவுப் பெட்டி. மாலையானால் ‘ம்ம்’ என்று சில விநாடி உறுமிவிட்டு ‘டிக்’ என்று நின்றுவிடுகிறது. சற்று நேரம் கழித்து மறுபடியும் அதே கதை. நள்ளிரவுக்குப் பிறகு ஒழுங்காக ஓடுகிறது. கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார்கள்.

பேட்டை மெக்கானிக்:

தம்பி, நள்ளிரவில் ஒழுங்காக ஓடுகிற கம்ப்ரசரை எதற்கு மாற்ற வேண்டும்? மாலையில் ஊரே விளக்கும் ஏசியும் போடும்போது வோல்டேஜ் இறங்குகிறது. 230 வர வேண்டிய இடத்தில் 170, 180 என்று வந்தால் கம்ப்ரசர் கிளம்பத் திணறும். சூடேறியதும் பாதுகாப்பு சுவிட்ச் தட்டிவிடும். அந்த ‘டிக்’ அதுதான். வோல்டேஜை மீட்டரில் பாருங்கள். குறைவாக இருந்தால், மின்சாரம் வந்த பிறகு சில நிமிடம் தாமதித்து இணைக்கும் ஸ்டெபிலைசர் வாங்குங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தும் திணறினால், கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலேயை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அது மலிவான பொருள். உங்களுடையது கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்று: பின்னால் உள்ள கறுப்புக் கம்பிவலையில் உப்புக்காற்று பட்டுத் துரு ஏறும். அங்கே குழாய் ஓட்டையானால் உண்மையாகவே கேஸ் போகும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள்.

கல்லிடைக்குறிச்சி மருமகள்:

அண்ணாச்சி, சொன்னபடி செய்தோம். பக்கவாட்டுத் தகடு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஒரு பகலும் இரவும் திறந்து வைத்ததில் வாளி வாளியாகத் தண்ணீர். பிறகு போட்டதும் காற்றாடி சத்தம் வந்தது, கீழேயும் நல்ல குளிர்ச்சி. ஆனால் பத்து நாள்கூட ஆகவில்லை, மறுபடி பால் திரியத் தொடங்கிவிட்டது. குப்பிகள் அடுத்த வீட்டில் பத்திரமாக இருக்கின்றன, அக்காவுக்கு நன்றி. இப்போது எதை மாற்றச் சொல்ல வேண்டும்?

பேட்டை மெக்கானிக்:

அப்படியானால் சந்தேகமே இல்லை. ஹீட்டர், சூடேறியதும் அதைத் துண்டிக்கும் பைமெட்டல் சுவிட்ச், சூடு மிஞ்சினால் அறுந்துபோகும் ஃபியூஸ், உருக்கும் நேரத்தைத் தொடங்கிவைக்கும் டைமர் இந்த நான்கில் ஒன்று. புதிய மாடலாக இருந்தால் டைமருக்குப் பதில் சென்சாரும் போர்டும் இருக்கும். வருகிற மெக்கானிக்கிடம் “டீஃப்ராஸ்ட் ஆகவில்லை, ஃப்ரீசரின் பின்தகட்டைக் கழற்றிப் பாருங்கள்” என்று நீங்களே சொல்லுங்கள். வெள்ளைவெளேரென்று ஐஸ் மூடியிருப்பதை உங்கள் கண்ணாலும் பாருங்கள். ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்துச் சோதித்த பிறகே மாற்ற வேண்டும். பைமெட்டலை மட்டும் குளிர்ந்த நிலையில் சோதிக்கச் சொல்லுங்கள். சூட்டில் அதன் தொடர்பு விட்டுப்போவதுதான் இயல்பு. வெளியே எடுத்து வைத்து மீட்டர் பிடித்தால் நல்லதும் கெட்டதாகத்தான் காட்டும். பைமெட்டலோ ஃபியூஸோ என்றால் பொருளின் விலை சில நூறு ரூபாய்தான்.

கதவு ரப்பரையும் பார்த்துவிடுங்கள். ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் ஈரக்காற்று புகுகிறது. ரப்பரின் மடிப்பில் மாவுக் கறை காய்ந்து ஒட்டியிருந்தாலும் இப்படி ஆகும். வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தாலே பல வீடுகளில் சரியாகிவிடுகிறது. துடைத்த பிறகும் நோட்டு நழுவினால் ரப்பரையும் அவரிடமே மாற்றச் சொல்லுங்கள்.