புதுப்பிப்பு: ஸ்ப்ரே டேன் திட்டுத் திட்டாகக் கருப்பது ஏன்?

எங்கள் சலூனில் ஸ்ப்ரே டேன் (வெயிலில் நிற்காமலே தோல் பழுப்பாக மாற ஒரு கரைசலைத் தெளிப்பது) செய்துகொள்பவர்களுக்கு முழங்கையும் கணுக்காலும் மட்டும் ஏன் அதிகம் கருக்கின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது. கரைசலில் உள்ள டைஹைட்ராக்ஸிஅசிட்டோன் தோலின் மேலடுக்கில் இருக்கும் இறந்த செல்களோடு வினைபுரிந்துதான் நிறம் தருகிறது. தோல் தடித்து வறண்ட இடம் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். அதனால் இப்போது முந்தைய நாளே நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு வரச் சொல்கிறோம். தெளிப்பதற்கு முன் அந்த மூட்டுகளில் மெல்லிசாக க்ரீம் தடவுகிறோம். உள்ளங்கையிலும் க்ரீம் தடவ மறந்துவிடாதீர்கள், குட்டு வெளிப்படுவதே அங்கேதான்!

அப்புறம், தோலைப் பழுப்பாக்கும் புற ஊதா விளக்குப் படுக்கை வாங்கச் சொன்னவர்களுக்கு: வேண்டாம் என்றே முடிவு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-இல் அதைப் புகையிலை இருக்கும் முதல் வகுப்பிலேயே, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற வகுப்பிலேயே, சேர்த்தது. அழகுக்காக அதைப் பயன்படுத்துவதை பிரேசில் அதே ஆண்டு தடை செய்துவிட்டது. ஸ்ப்ரே நிறமும் வெயிலைத் தடுக்காது, சன்ஸ்க்ரீன் தனியாகப் போட்டே ஆக வேண்டும்.