வாத்தியாருக்குப் பாடாமல் விட்ட பாட்டு

உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு கூட்டத்தில், பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் கூடும்போது மறைந்த நம் ஆட்டக்காரர்களுக்கும் வாத்தியார்களுக்கும் ஒரு இரவு ஒதுக்க வேண்டும் என்று கேட்டேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஏன் கேட்டேன் என்பதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021 மே மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா இரண்டாம் அலை. அந்த மாதம் 12-ஆம் தேதி டேபிள் டென்னிஸ் சந்திரசேகர் போனார். மூன்று முறை தேசிய சாம்பியன், 1982-இல் அர்ஜுனா விருது. 1984-இல் முழங்கால் அறுவை சிகிச்சையில் நேர்ந்த கோளாறில் ஆட்டமே முடிந்துபோய், நீதிமன்றப் படி ஏறி வருஷக்கணக்கில் போராடி, பிறகு பயிற்சியாளராக எழுந்து நின்ற மனிதர். 21-ஆம் தேதி டெல்லியில் ஓம் பிரகாஷ் பரத்வாஜ் இறந்தார். துரோணாச்சார்யா விருதை 1985-இல் முதன்முதலாகக் கொடுத்தபோது குத்துச்சண்டைக்காக வாங்கியவர் அவர். அதே முதல் வருஷம் அதே விருதை வாங்கிய, பி.டி. உஷாவின் பயிற்சியாளர் நம்பியாரும் அந்த ஆகஸ்டில் போய்விட்டார். எல்லாருக்கும் பத்திரிகையில் இடம் கிடைத்தது, பெரிய மனிதர்கள் இரங்கல் சொன்னார்கள். அவர்களுக்கு அது தகும்.

அதே மே மாதத்தில்தான் நமக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்த வாத்தியாரும் போனார். எனக்கு வந்தது வாட்ஸ்அப்பில் ஒரு கண்ணீர் அஞ்சலி படம். நீலப் பின்னணி, இரண்டு பக்கமும் விளக்கு, நடுவில் அவர் முகம். கீழே ஒரு பெயர். யார் பெயர் இது என்று ஒரு நிமிஷம் குழம்பினேன். முகம் அவருடையதுதான். பெயர்தான் தெரியவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்தொரு வயது வரை தினம் சாயங்காலம் அவர் எதிரில் நின்றவன் நான். ‘வாத்தியாரே’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருடைய பெயரை அவர் செத்த பிறகு, பஹ்ரைனில் ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டுதான் தெரிந்துகொண்டேன். அன்றிரவு தூங்கவே முடியவில்லை.

(பெயரை இந்த மடலில் போடவில்லை. அவர் மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். அதுதான் மரியாதை.)

வெளியூரில் பிறந்த நம் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் வடசென்னைப் பக்கத்தில் ஒருவர் எப்படி வாழ்ந்தார் என்பது பேப்பரில் வராது. சாவு வீட்டில் கானாவில் வரும். இரவு பிணத்தைப் போட்டிருக்கும்போதோ, கருமாதிக்கு முந்தின இரவோ, பாடுகிறவர் வந்து உட்கார்ந்ததும் முதலில் பாடமாட்டார், கேட்பார். “பேர் இன்னா, இன்னா வேலை பார்த்தாரு, புள்ளைங்க எத்தினி, பேரப்புள்ளைங்க பேர் சொல்லு.” டீ குடித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். அப்புறம் டோலக் தட்ட ஆரம்பித்தால், இறந்தவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியதும், மகளுக்குக் கல்யாணம் பண்ணி வைத்ததும், கடைசியாக ஆசைப்பட்டுக் கேட்ட மீன் குழம்பும், எல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். விடியும்போது தெருவுக்கே அந்த மனிதரின் கதை மனப்பாடம் ஆகியிருக்கும்.

வாத்தியாருக்கு அது நடக்கவில்லை. ஊரடங்கு. வீட்டு ஆட்கள் சிலர் மட்டும் கூடப் போய், மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டோலக் இல்லை, பாட்டு இல்லை. எத்தனையோ பேர் சாவில் முன்னால் நின்று எல்லாம் எடுத்துச் செய்தவருக்கு, அவர் கதையைக் கேட்டுப் பாட ஆளில்லாமல் போயிற்று. எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இதுதான்.

அவரிடம் கேட்டுத்தானே நமக்குப் பழசெல்லாம் தெரியும். நாற்பதுகளில் ஆங்கிலோ இந்தியரான நாட் டெரியை நம் குத்துச்சண்டை வீரர் கித்தேரி முத்து வீழ்த்திய சண்டையை, அவரே ரிங் ஓரத்தில் நின்று பார்த்த மாதிரி சொல்வார். அது அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அவருடைய வாத்தியார் சொன்னதைத்தான் நமக்குச் சொன்னார். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்று குத்துச்சண்டைப் பரம்பரைப் பெயர் சொல்லித்தான் கண்ணப்பர் திடலில் ஆட்கள் இறங்கினார்கள் என்பதும் அந்த வாய் வழியாக வந்ததுதான். எந்தப் பரம்பரை பெரிது என்ற பேச்சை மட்டும் இந்தக் குழுவில் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லாப் பரம்பரையிலும் வாத்தியார்கள் செத்திருக்கிறார்கள், எல்லாரையும் எழுத வேண்டும்.

1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டாரே, அதற்கு வாத்தியார் ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து நடந்தே போனாராம். திரும்பி வந்து அலியின் குத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “காலப் பாத்தியா? தரையில பட்டுச்சா?” என்று மட்டும் பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார். 2016 ஜூன் 3-ஆம் தேதி அலி இறந்தார். அடுத்த நாள் சாயங்காலம் பயிற்சிக்கு வந்த பையன்களை நிற்க வைத்து, அலி படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் கிளவுஸை எடுத்தாராம். அவர் சுவரில் ஏற்கெனவே மாலையோடு இருந்த ஒரே படம் அவருடைய வாத்தியார் படம்தான். அலியின் படத்தை அதற்குப் பக்கத்தில், ஒரு விரற்கடை கீழே மாட்டினார் என்று தம்பி சொன்னான்.

நான் அவரிடம் கற்றதில் இன்றைக்கும் கை மறக்காத ஒன்று, கிளவுஸுக்குள் கையில் கட்டுப் போடுவது. கடையில் விற்கிற பட்டி வாங்க யாரிடம் காசு? பழைய வேட்டியை நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்துச் சுருட்டி வைத்திருப்பார். முதலில் கட்டை விரலில் ஒரு சுற்று, பிறகு மணிக்கட்டில் மூன்று, அங்கிருந்து உள்ளங்கைக்குக் குறுக்கே ஏறி விரல் முட்டிகளின் மேல் மூன்று, விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு தரம் நுழைந்து மறுபடி மணிக்கட்டு. சுற்றும்போது விரல்களை நன்றாக விரித்து வைத்திருக்க வேண்டும், மூடி வைத்தால் அடிப்பார். கட்டி முடித்ததும் யாரையும் உடனே குத்துப் பையிடம் விடமாட்டார். ஒவ்வொருவன் கையையும் பிடித்து, நகத்தை அழுத்தி வெள்ளையாக்கி, விட்டுவிட்டுப் பார்ப்பார். “செவப்பு திரும்பி வர்தா? வர்ல. அவுரு. மறுபடி கட்டு.” ரத்தம் ஓடாத கட்டு, கட்டே இல்லை என்பார். நாற்பது பையன்கள் இருந்தாலும் நாற்பது கைகளையும் பார்த்துவிட்டுத்தான் விசில்.

2022 நவம்பர் 15-ஆம் தேதி செய்தி படித்தபோது எனக்கு அந்த விரல்கள்தான் ஞாபகம் வந்தன. வியாசர்பாடிப் பெண் பிரியா. பதினேழு வயது, ராணி மேரிக் கல்லூரி மாணவி, கால்பந்து வீராங்கனை. முழங்கால் ஜவ்வுக்கு அறுவை சிகிச்சை முடிந்து போட்ட கட்டு இறுகி, ரத்தம் ஓடாமல், காலை எடுக்க வேண்டியதாகி, அப்புறமும் பிழைக்கவில்லை. கட்டு இறுக்கமாகப் போடப்பட்டதுதான் காரணம் என்று சுகாதாரத்துறை அமைச்சரே சொன்னார். மூட்டை தூக்குகிற, நாலு எழுத்துக்கு மேல் படிக்காத நம் வாத்தியார் நாற்பது பேர் நகத்தையும் தினம் அழுத்திப் பார்த்தார். அந்தப் பிள்ளையின் கால் விரலை அந்த நேரத்தில் ஒருவர் அழுத்திப் பார்த்திருக்கக் கூடாதா? எழுதும்போதே கை நடுங்குகிறது. மினி பிரேசில் என்று பெயர் வாங்கிய வியாசர்பாடியில் பெண் பிள்ளைகள் ஷூ கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வருவதற்கே எத்தனை வீட்டுச் சண்டை தாண்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் அந்த இரவில் ஒரு பாட்டு இருக்க வேண்டும், குடும்பத்தார் சம்மதித்தால்.

நினைவுக் கோப்பை நடத்தினால் போதாதா என்று அண்ணன் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நானும் பணம் கொடுத்திருக்கிறேன். ஆனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் வருஷம் பேனரில் இறந்தவர் படம் பெரிதாக இருக்கும். இரண்டாம் வருஷம் ஓரத்துக்குப் போகும். மூன்றாம் வருஷம் பணம் கொடுத்தவர் படம் நடுவில் வந்துவிடும். ஆடுகிற பையனைக் கேட்டால், கோப்பை எத்தனை அடி உயரம் என்று தெரியும், அதில் பெயர் உள்ளவர் எந்த இடத்தில் ஆடினார் என்று தெரியாது. கோப்பை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முந்தின இரவு அந்த மனிதரின் கதையைப் பாடிவிட்டுக் காலையில் ஆடட்டும் என்கிறேன்.

அதற்குப் பாடுகிறவருக்கு விவரம் வேண்டும். அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் குறைந்துகொண்டே வருகிறது. போன வருஷம் வாத்தியாரோடு ரிங்கில் ஏறியவர்கள் நான்கு பேர் இருந்தார்கள், இப்போது மூன்று பேர். ஒருவருக்குக் காது கேட்கவில்லை. ஆகவே பொங்கல் வரை காத்திருக்காமல், உங்களுக்குக் குத்துச்சண்டையோ, கால்பந்தோ, கேரமோ, பளுதூக்கலோ சொல்லிக் கொடுத்து மறைந்துபோன யாராக இருந்தாலும், ஞாபகம் இருப்பதை போனில் பேசி, அந்தப் பதிவை அனுப்புங்கள். எழுத வேண்டாம், பேசுங்கள். எழுத உட்கார்ந்தால் ‘சீரிய பண்பாளர்’ என்று எழுதிவிடுவோம். பேசினால்தான், அவர் எந்தக் கடையில் டீ குடித்தார், கோபம் வந்தால் எந்தக் கெட்ட வார்த்தை சொல்வார் என்பதெல்லாம் வரும். பாட்டுக்கு அதுதான் தேவை.

டோலக், பாடுகிறவர், பந்தல், சாப்பாடு எல்லாவற்றையும் தம்பி ஊரில் விசாரித்து வருகிறான். கணக்கு வந்ததும் தனி மடலில் அனுப்புகிறேன்.

இன்னொன்று. வாத்தியார் ராயபுரம் பனைமரத்தொட்டியில் தன் வீட்டு வாசலில், இரண்டு கைக்கும் வேட்டிக் கட்டோடு சிரித்தபடி நிற்கிற ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. அதை நான் பார்த்திருக்கிறேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அவர் வீட்டில் அது இல்லை. அதன் பிரதி ஒன்றை சிங்கப்பூருக்கோ மஸ்கட்டுக்கோ யாரோ எடுத்துப் போனதாகப் பேச்சு. உங்கள் பெட்டியில் இருந்தால், எத்தனை மங்கலாக இருந்தாலும் சரி, இந்த வாரமே படம் பிடித்து அனுப்பிவிடுங்கள். அவர் மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.